சர்வர் மென்பொருளை எந்த ஃபோல்டரில் போடுவது

மிக்ஜாம் புயல் போன மறுவாரம், 2023 டிசம்பர். வியாசர்பாடியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். முட்டி அளவு நின்ற தண்ணீர் வடிந்து தரையெல்லாம் சேறாகக் கிடந்த நேரத்தில், ஒரு சர்வரை மேஜை மேல் படுக்கப் போட்டு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போர்டு போயிருந்தது, பவர் சப்ளையும் போயிருந்தது, டிஸ்க் மட்டும் பெட்டியின் மேல் தட்டில் இருந்ததால் தப்பித்திருந்தது. கணக்கு பார்க்கிற அக்கா வாசலில் நின்றுகொண்டே கேட்டார்: "தம்பி, எல்.ஆர். எல்லாம் திரும்ப வந்துடும்ல?" (எல்.ஆர். என்றால் லாரி ரசீது.) வந்துடும்க்கா, பேக்கப் இருக்கு, தினமும் ராத்திரி 2 மணிக்கு ஓடுது, முதலாளி வீட்டு மாடியில இருக்கிற டிஸ்க்குல போய் உட்காருது, பயப்படாதீங்க என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த பேக்கப் டிஸ்க்கைத் திறந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டம்ப் கோப்பு (டேட்டாபேஸ் முழுவதையும் கொட்டி எடுத்த நகல்), தேதி தவறாமல், வரிசையாக. ஒவ்வொன்றும் சில கிலோபைட்தான். பல வருட லாரி ரசீது சில கிலோபைட்டில் அடங்காது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு டேபிள்கூட இல்லை.

இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் இது பேக்கப் கதை மாதிரி தெரிந்தாலும், அடிப்படையில் ஒரு மென்பொருளை எந்த ஃபோல்டரில் போட்டார்கள் என்பதில் தொடங்கியது. யுனிக்ஸ் வகை கணினியில் சர்வர் மென்பொருள் நிறுவும்போது 10 விநாடியில் எடுக்கிற முடிவு அது. அப்புறம் அந்த மெஷின் உயிரோடு இருக்கும் வரை அது கூடவே வருகிறது. (பாதைகளை வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன், புழங்குகிறவர்களுக்குப் புரியும்.)

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவர் போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளின் பதிப்பு 10-ஐ சோர்ஸில் இருந்து கம்பைல் செய்திருந்தார், அதாவது மூல நிரலிலிருந்து தானே கட்டியிருந்தார். மெஷினில் ஓடியது டெபியன் 9 என்கிற லினக்ஸ், அதில் பேக்கேஜாக (தயார் நிலையில் வரும் நிறுவல் கோப்பாக) கிடைத்தது போஸ்ட்கிரெஸ் 9.6. அவருக்குப் புதியது வேண்டியிருந்தது. போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் நிறுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கும் பகுதியில் உள்ளபடியே செய்திருக்கிறார்: மென்பொருள் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்க்யூஎல்-இல், டேட்டா அதற்குள்ளேயே /டேட்டா என்ற ஃபோல்டரில். அவர் தப்பே செய்யவில்லை, எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றினார். பிறகு எப்போதோ, யாரோ, வேறு எதற்கோ டெபியனில் பேக்கேஜ் நிறுவும் கருவியான ஏபிடி வழியாக போஸ்ட்கிரெஸ் பேக்கேஜையும் போட்டிருக்கிறார்கள். 5432 போர்ட்டில் (மற்ற மென்பொருள் வந்து பேசுகிற வாசல் எண்) ஏற்கெனவே ஒன்று ஓடுவதைப் பார்த்துவிட்டு, டெபியன் தன்னுடையதை 5433-இல் வைத்துக்கொண்டது. டெபியன் அப்படித்தான் செய்யும், காலியாக இருக்கிற அடுத்த போர்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும், அதற்குப் பெரிதாகச் சத்தம் எதுவும் போடாது. ஆக ஒரே மெஷினில் இரண்டு போஸ்ட்கிரெஸ், ஒன்றில் கம்பெனியின் மொத்தக் கணக்கு, இன்னொன்று காலி.

நான் அந்த வேலைக்கு வந்தபோது பேக்கப்புக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் கிரானில் போட்டேன். கையால் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக வந்தது. கையால் ஓட்டும்போது என்னுடைய ப்ரொஃபைலில் (லாகின் அமைப்புக் கோப்பில்) /யுஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்க்யூஎல்/பின் பாத்தின், அதாவது கமாண்டைத் தேடும் ஃபோல்டர் பட்டியலின், முன்னால் இருந்தது, அதனால் சரியான கமாண்ட் சரியான டேட்டாபேஸோடு பேசியது. கிரானுக்கு அந்த ப்ரொஃபைல் எல்லாம் தெரியாது. டெபியனில் கிரானின் பாத் வெறும் /யுஎஸ்ஆர்/பின், /பின் மட்டும்தான். அங்கே இருந்தது டெபியன் போட்ட கமாண்ட். அது /வார்/ரன் கீழே இருக்கிற தன் சாக்கெட்டை (அதே மெஷினுக்குள் பேசும் இணைப்புக் கோப்பை) தேடிப் போகும், சோர்ஸில் இருந்து போட்டதோ சாக்கெட்டை /டெம்ப்-இல் வைத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. தினமும் ராத்திரி 2 மணிக்கு காலி டேட்டாபேஸ் ஒன்று ஒழுங்காக, பிழை எதுவும் இல்லாமல் பேக்கப் ஆகிக்கொண்டிருந்தது. நான் வாராவாரம் கோப்பின் தேதியைப் பார்த்தேன். அளவைப் பார்க்கவில்லை. அது என் தவறுதான், அந்த அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில், ஒரே வாசலுக்குள் ஆறு போர்ஷன் இருந்த வீட்டில். பொது நடை, பொதுக் குழாய், வீட்டுக்காரர் முன்கட்டில். வீட்டுக்காரர் நடையில் எதை வேண்டுமானாலும் மாற்றுவார், குழாயைப் பிடுங்கி இடம் மாற்றி வைப்பார், பழைய பெஞ்சைத் தூக்கிவிட்டுப் புதியது போடுவார், யாரும் எதுவும் கேட்க முடியாது. நீங்கள் உங்கள் சைக்கிளை நடையில் நிறுத்தியிருந்தால் அது ஒருநாள் இடம் மாறியிருக்கும். ஆனால் உங்கள் போர்ஷனுக்குள் அவர் வரமாட்டார். வந்தால் பெரிய சண்டை. சர்வரில் வீட்டுக்காரர் என்பது பேக்கேஜ் மேனேஜர்: டெபியன், உபுண்டுவில் ஏபிடி, ரெட்ஹேட் குடும்பத்தில் டிஎன்எஃப். /யுஎஸ்ஆர் முழுக்க அதனுடையது. அதற்குள் /யுஎஸ்ஆர்/லோக்கல் மட்டும் உங்கள் போர்ஷன். டெபியனின் கொள்கை ஆவணத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது, எந்தப் பேக்கேஜும் /யுஎஸ்ஆர்/லோக்கலில் கோப்பு வைக்கக் கூடாது.

சோர்ஸில் இருந்து கம்பைல் செய்யும்போது பிரிஃபிக்ஸ் (எந்த ஃபோல்டரில் போடுவது) என்று எதுவும் சொல்லாவிட்டால், குனூ ஆட்டோகான்ஃப் என்ற கட்டமைப்புக் கருவியைப் பயன்படுத்துகிற மென்பொருள் எல்லாம் தானாக /யுஎஸ்ஆர்/லோக்கலுக்கே போவதும் இதனால்தான். சிலர் பிரிஃபிக்ஸை வெறும் /யுஎஸ்ஆர் என்று கொடுத்துவிடுகிறார்கள், "கமாண்ட் நேரா கிடைக்கும்ல" என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். அது நடையில் சைக்கிள் நிறுத்துவது. அடுத்த அப்டேட்டில் ஏபிடி உங்கள் கோப்பின் மேல் தன் கோப்பை எழுதிவிட்டுப் போகும், எதுவும் கேட்காது. பாதி உங்களுடையது, பாதி அதனுடையது என்று கலந்து நிற்கிற மெஷினைச் சரிசெய்வதைவிட புதிதாகப் போட்டுவிடுவது சுலபம்.

இந்தப் பெயர்களுக்கு ஒரு பழைய கதை உண்டு, அது தெரிந்தால் ஏன் இப்படிக் குழப்பமாக இருக்கிறது என்பதும் புரியும். 1970களின் தொடக்கத்தில், பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸை பிடிபி-11 மெஷினில் வளர்த்துக்கொண்டிருந்தபோது, /யுஎஸ்ஆர் என்பது பயனர்களின் ஃபோல்டர் இருக்கும் இடம், இப்போது நாம் /ஹோம் என்கிறோமே அது. அந்த யூசர்தான் யுஎஸ்ஆர். அவர்களுடைய ஆர்கே05 டிஸ்க் ஒன்றில் பிடித்ததே 2.5 மெகாபைட்தான். சிஸ்டம் கமாண்டுகள் முதல் டிஸ்க்கில் இடம் போதாமல் பயனர் டிஸ்க்குக்கு வழிந்தன, அப்படித்தான் /பின் ஒன்றும் /யுஎஸ்ஆர்/பின் ஒன்றும் ஆனது. பிறகு பயனர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. இடநெருக்கடியில் செய்த ஏற்பாடு 40 வருடம் நின்றது. 2012-இல் ஃபெடோரா 17 /பின்-ஐ /யுஎஸ்ஆர்/பின்-க்குச் சுட்டும் சிம்லிங்காக மாற்றியது, 2023-இல் வந்த டெபியன் 12 அந்த அமைப்பையே கட்டாயமாக்கியது. /ஆப்ட் வந்தது ஏடி&டி-யின் சிஸ்டம் ஃபைவ் பக்கத்திலிருந்து, வெளியிலிருந்து வாங்கிப் போடுகிற மென்பொருளுக்காக. லினக்ஸ் பக்கம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு 1994 பிப்ரவரியில் ஒரு பொது ஒழுங்கு எழுதினார்கள். அதன் தொடர்ச்சிதான் எஃப்எச்எஸ் என்கிற ஃபைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்ட், 3.0 பதிப்பு 2015-இல் வந்தது. சின்ன ஆவணம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் படித்துவிடலாம். சர்வர் வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் படிக்கச் சொல்கிறேன்.

இனி /யுஎஸ்ஆர்/லோக்கலில் இருக்கிற சிக்கல். உங்கள் போர்ஷன்தான், ஆனால் உள்ளே ஒரே அறை. என்ஜின்எக்ஸ் என்கிற வெப் சர்வர், ரெடிஸ் என்கிற டேட்டாபேஸ், ஏதோ ஒரு லைப்ரரி (மற்ற மென்பொருள் பயன்படுத்தும் பொது நிரல்) என்று நீங்கள் போடுகிற எல்லாமே ஒரே /பின், ஒரே /லிப், ஒரே /ஷேர் ஃபோல்டருக்குள் கலந்துவிடும். என்ஜின்எக்ஸும் இன்னொரு வெப் சர்வரான அபாச்சியும் பரவாயில்லை, சோர்ஸில் இருந்து போட்டால் தாங்களாகவே /யுஎஸ்ஆர்/லோக்கல்/என்ஜின்எக்ஸ், /யுஎஸ்ஆர்/லோக்கல்/அபாச்சி2 என்று தனி ஃபோல்டர் எடுத்துக்கொள்ளும். ரெடிஸ் நேராக /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்-இல் போய் விழும். இரண்டு வருடம் கழித்து ஒன்றை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் எந்தக் கோப்பு எதனுடையது என்று யாருக்கும் தெரியாது, மேக் அன்இன்ஸ்டால் என்கிற நீக்கும் கமாண்ட் எல்லா மென்பொருளிலும் இருப்பதில்லை, இருந்தாலும் பழைய சோர்ஸ் ஃபோல்டரை யார் வைத்திருக்கிறார்கள்? டெபியனின் பேக்கேஜ் பதிவேடான டிபிகேஜி-யிடம் கேட்டால் இப்படி ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை என்று சொல்லிவிடும்.

அப்புறம் பாத் வரிசை. ஷெல்லில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் முன்னால் வரும், /யுஎஸ்ஆர்/பின் பின்னால் வரும், அதனால் நீங்கள் போட்டது ஜெயிக்கும். கிரானில் அப்படி இல்லை, மேலே சொன்ன கதை அதுதான். ரெட்ஹேட் குடும்பத்து மெஷின்கள் பலவற்றில் சுடோவுக்கென்று (நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ஓட்டுவது) இருக்கிற பாதுகாப்பான பாத்தில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் இருக்காது, அதனால் சாதாரணமாக ஓடுகிற கமாண்ட் சுடோ போட்டதும் "கிடைக்கவில்லை" என்று நிற்கும். லைப்ரரிக்கும் இதே மாதிரி: டெபியன் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-ஐத் தேடும் பட்டியலில் வைத்திருக்கிறது, ஆனால் புதிதாகப் போட்டதும் லைப்ரரிப் பதிவைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டும். ரெட்ஹேட்டில் அந்தப் பட்டியலில் நீங்களே சேர்க்க வேண்டும். ஒரே மெஷினில் யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது, இதுதான் எனக்குப் பயமாக இருக்கிற விஷயம்.

அதைவிடப் பெரியது அப்டேட். 2014 ஏப்ரல் 7, ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த நாள். அப்போது நான் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீஸுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இணைய இணைப்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாவற்றிலும் ஓட்டை, சர்வரின் நினைவகத்தில் இருப்பதை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் துண்டு துண்டாக உருவி எடுக்கலாம், 1.0.1ஜி-இல் அடைத்தார்கள். டெபியன் மெஷின்களில் ஏபிடி ஓட்டி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொன்றும் சில நிமிடத்தில் முடிந்தது. (டெபியன் 1.0.1ஈ என்ற பழைய எண்ணை வைத்துக்கொண்டே உள்ளே பேட்ச் மட்டும் போட்டிருந்தது, அதனால் எண்ணைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு.) ஒரே ஒரு மெஷினில் மட்டும் அபாச்சி சோர்ஸில் இருந்து போட்டது, அது /யுஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்எஸ்எல்-இல் தனியாகக் கம்பைல் செய்து வைத்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு இணைக்கப்பட்டிருந்தது. ஏபிடி ஓட்டினேன், எல்லாம் சரி என்றது. ஏபிடி சொன்னது உண்மை, அதனுடைய ஓப்பன்எஸ்எஸ்எல் சரிதான். என்னுடையதைப் பற்றி அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அது என் போர்ஷன். வெளியிலிருந்து சோதித்துப் பார்த்தபோதுதான் ஓட்டை திறந்தே கிடப்பது தெரிந்தது, அதற்குள் நாட்கள் போயிருந்தன. அன்றைக்குப் புரிந்தது: பேக்கேஜ் இல்லாத இடத்தில் ஒரு மென்பொருளைப் போடும்போது, அதன் பாதுகாப்பு அறிவிப்புகளைப் படிக்கிற வேலையையும் சேர்த்து நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். அந்த வேலையை ஏற்க மனமில்லை என்றால் பேக்கேஜே போதும், ஒரு பதிப்பு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. புதிது கட்டாயம் வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ், என்ஜின்எக்ஸ் இரண்டுமே தாங்களே ஏபிடி ரிப்போ நடத்துகிறார்கள், அதைச் சேர்த்துக்கொள்ளலாம். கம்பைல் செய்வது கடைசி வழி.

/ஆப்ட் எனக்குப் பிடிக்கும். ஒரு மென்பொருள், ஒரு ஃபோல்டர், அதற்குள் அதன் பின், லிப் எல்லாம். வேண்டாமென்றால் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் தீர்ந்தது. டாம்கேட் மாதிரி ஜாவா சாமான்களுக்கு, கம்பெனிகள் கட்டித் தருகிற பெரிய மென்பொருளுக்கு, நீங்களே எழுதி ஓட்டுகிற ஆப்புக்கு இதுதான் சரியான இடம் என்று நினைக்கிறேன். ஆனால் பலர் பாதியைத்தான் பின்பற்றுகிறார்கள். எஃப்எச்எஸ் சொல்வது, /ஆப்ட்-இல் மாறாதவை மட்டும், கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) /ஈடிசி/ஆப்ட்-இல், மாறுகிற டேட்டா /வார்/ஆப்ட்-இல். நிரல்களைச் சேமித்துப் பராமரிக்கும் கிட்லேபின் ஆம்னிபஸ் பேக்கேஜைப் பாருங்கள், மென்பொருள் /ஆப்ட்/கிட்லேப், கான்ஃபிக் /ஈடிசி/கிட்லேப், டேட்டா /வார்/ஆப்ட்/கிட்லேப் என்று பிரித்து வைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். டாம்கேட்டை அப்படியே அவிழ்த்து /ஆப்ட்-இல் போட்டால் லாகும் அதற்குள்ளேயே சேரும், /ஆப்ட் பெரும்பாலும் ரூட் பார்ட்டிஷனில் (சிஸ்டமே இருக்கிற டிஸ்க் பகுதியில்) இருக்கும், ஒருநாள் ராத்திரி லாக் வளர்ந்து ரூட் நிறைந்து மெஷினே மூச்சு முட்டி நிற்கும்.

பதிப்பு எண்ணோடு ஃபோல்டர் வைப்பது நல்ல பழக்கம். /ஆப்ட்/ஆப்-2.3, /ஆப்ட்/ஆப்-2.4, கூடவே "கரன்ட்" என்று ஒரு சிம்லிங்க், சர்வீஸ் கோப்பில் அந்த சிம்லிங்க்கை மட்டும் எழுதுங்கள். புதியது சரியில்லையா, சிம்லிங்க்கைப் பழையதற்குத் திருப்பி ரீஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடத்தில் பழைய நிலை. ராத்திரி 11 மணிக்கு ஃபோன் வரும்போது இதன் அருமை தெரியும். /யுஎஸ்ஆர்/லோக்கல்தான் வேண்டும் என்பவர்களுக்கு குனூ ஸ்டோ இருக்கிறது, அது ஒவ்வொன்றையும் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு /பின், /லிப்-க்கு சிம்லிங்க் மட்டும் போட்டுத் தரும், எடுப்பதும் அதே மாதிரி சுலபம்.

யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது யாரோ ஒருவரின் ஹோம் ஃபோல்டர். எங்கே போனாலும் இதைப் பார்க்கிறேன். ஒரு தம்பி வேலைக்குச் சேர்ந்து, தன் பெயரில் லாகின் வாங்கி, நிரலை கிட் சேமிப்பிலிருந்து இழுத்து, அங்கேயே ஓடவிட்டு, அப்படியே அது புரொடக்ஷன் ஆகிவிடும். உபுண்டு 21.04-இலிருந்து புதிய ஹோம் ஃபோல்டர்களை மற்றவர்கள் நுழைய முடியாதபடி பூட்டித்தான் உருவாக்குகிறது, அதனால் என்ஜின்எக்ஸ் உள்ளே போக முடியாமல் 403 (அனுமதி இல்லை) காட்டும். உடனே யாராவது வந்து எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் சிஎச்மாட் 777 போடச் சொல்வார்கள், அதைச் செய்தால் அந்தத் தம்பியின் மொத்த வீடும் திறந்து கிடக்கும். நான் கண்ணால் பார்த்தது: ஒரு இடத்தில் பையன் வேலையை விட்டுப் போனான், ஒழுங்காக அவனுடைய கணக்கை ஹோமோடு சேர்த்து நீக்கினார்கள், பில்லிங் நின்றுவிட்டது. எல்லோரும் விதிப்படிதான் நடந்தார்கள். சர்வீஸுக்கென்று லாகின் இல்லாத ஒரு தனி யூசர், அந்த யூசருக்கு /வார்/லிப் கீழே ஒரு ஃபோல்டர் என்று வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மென்பொருள் இருக்கிற ஃபோல்டர் ரூட் என்கிற நிர்வாகி யூசருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அதை ஓட்டுகிற யூசருக்கு அங்கே எழுத உரிமை இருக்கக் கூடாது. "பர்மிஷன் பிரச்சினை வருதுண்ணா" என்று மொத்த ஃபோல்டரையும் சர்வீஸ் யூசருக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் ஆப்பில் ஒரு சின்ன ஓட்டை வழியாக யாராவது உள்ளே வந்தால், அவர்களால் அந்த ஆப்பின் நிரலையே மாற்றி எழுதிவிட முடியும், ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. எழுத வேண்டியது /வார்/லிப்-இல் ஒரே ஃபோல்டர், லாக் /வார்/லாக்-இல் ஒன்று, அவ்வளவுதான். சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் ஸ்டேட்டைரக்டரி என்று ஒரு வரி எழுதினால் அந்த ஃபோல்டரைத் தானே சரியான உரிமையோடு உருவாக்கித் தரும், ப்ரொடெக்ட்சிஸ்டம் என்பதை ஸ்ட்ரிக்ட் என்று வைத்தால் மற்றதெல்லாம் அந்த சர்வீஸுக்குப் படிக்க மட்டும்தான். மென்பொருளை எங்கே வைப்பது என்று யோசிப்பதில் பாதி, அது எங்கே எழுதலாம் என்று யோசிப்பதுதான். டேட்டா தனி இடத்தில் இருந்தால் பேக்கப் தனியாக எடுக்கலாம், தனி டிஸ்க்கில் வைக்கலாம், மென்பொருளை மட்டும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடலாம்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு யுனிக்ஸ் வகை பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே /யுஎஸ்ஆர்/லோக்கல் உங்கள் போர்ஷன் கிடையாது. அடிப்படை சிஸ்டம் /யுஎஸ்ஆர்-இல் இருக்கும், போர்ட்ஸ், பேக்கேஜ் வழியாக வருகிற எல்லாம் /யுஎஸ்ஆர்/லோக்கலுக்குப் போகும், கான்ஃபிக்கூட /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி. லினக்ஸ் பழக்கத்தில் அங்கே கையால் எதையாவது வைத்தால் பேக்கேஜோடு மோதும். நெட்பிஎஸ்டி இதைத் தவிர்த்து /யுஎஸ்ஆர்/பிகேஜி என்று தனியாக வைத்தது. மேக்கில் ஹோம்ப்ரூ முன்பு /யுஎஸ்ஆர்/லோக்கலில் இருந்தது, ஆப்பிள் சிப் வந்த பிறகு /ஆப்ட்/ஹோம்ப்ரூ.

மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் எங்கே என்ற கேள்வி கன்டெய்னருக்குள் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். டேட்டா எங்கே என்ற கேள்வி அப்படியே வெளியே நிற்கிறது. வால்யூம் (டேட்டா இருக்கும் இடம்) பெயர் கொடுக்காமல் ஓடவிட்ட போஸ்ட்கிரெஸ் கன்டெய்னரின் டேட்டா, /வார்/லிப்/டாக்கர்/வால்யூம்ஸ் கீழே 64 எழுத்து கொண்ட ஏதோ ஒரு பெயரில் இருக்கும். வெள்ளத்தன்று அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஆசை இல்லை.

வியாசர்பாடி டிஸ்க்குக்குத் திரும்புகிறேன். யுஎஸ்பி கேபிள் வழியாக வேறொரு மெஷினில் மாட்டிப் பார்த்தபோது டிஸ்க் ஓடியது. /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-இல் காலி டேட்டாபேஸ். பிறகு /யுஎஸ்ஆர்/லோக்கலுக்குள் போய்ப் பார்த்தேன், பிஜிஎஸ்க்யூஎல் ஃபோல்டர், உள்ளே டேட்டா, பல ஜிகாபைட். அந்த நிமிடம் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போஸ்ட்கிரெஸ் டேட்டா ஃபோல்டரை அதே பெரிய பதிப்பால்தான் திறக்க முடியும், 10-இன் டேட்டாவை 15 தொடாது. எனக்குப் பதிப்பு 10 வேண்டும், அதே ஃபோல்டருக்குள் பக்கத்திலேயே இருந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தவருடைய முடிவுதான் டேட்டாவை என் பேக்கப்பிலிருந்து மறைத்தது, அதே முடிவுதான் இப்போது காப்பாற்றியது. மொத்த ஃபோல்டரையும் டெபியன் 12 போட்ட மெஷினில் அதே பாதையில் நகலெடுத்து, சர்வரைத் தொடங்கினேன், எழுந்து நின்றது. அதிலிருந்த பிஎஸ்க்யூஎல் கமாண்ட் மட்டும் பழைய ரீட்லைன் லைப்ரரி 7 இல்லை என்று மறுத்தது, டெபியன் 12-இல் இருப்பது 8. டெபியன் 12-இன் சொந்த போஸ்ட்கிரெஸ் 15-இல் இருக்கிற கமாண்டுகளால் பழைய சர்வரோடு பேச முடியும், அதை வைத்தே டம்ப் எடுத்து 15-க்குள் ஏற்றினேன். எந்த போர்ட், எந்த சாக்கெட் என்று இந்த முறை கமாண்டிலேயே எழுத்தெழுத்தாகக் கொடுத்தேன், பாத்தை நம்பி எதையும் விடவில்லை. கமாண்டுக்கும் முழுப் பாதை.

இப்போது அங்கே போஸ்ட்கிரெஸ் ஏபிடி வழியாக வந்தது, டேட்டா /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/15/மெயின், கான்ஃபிக் /ஈடிசி-இல். அவர்களுடைய புக்கிங் ஆப் /ஆப்ட்-இல், பதிப்பு எண்ணோடு. /யுஎஸ்ஆர்/லோக்கலில் நான் எழுதிய ஸ்கிரிப்ட்டுகள் மட்டும். எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். சர்வரை முதல் மாடிக்கு ஏற்றியாகிவிட்டது.

மாதாமாதம் முதல் சனிக்கிழமை ராத்திரி டம்ப்பை எடுத்து என் லேப்டாப்பில் ஏற்றுகிறேன், கடைசி எல்.ஆர். எண்ணைப் பார்த்து அந்த அக்காவுக்கு ஃபோன் போடுகிறேன். அவர் புக்கைப் புரட்டி, "சரியா இருக்கு தம்பி" என்பார். போன மாதம் ஒரு எண் குறைந்திருந்தது, நான் பதறிவிட்டேன். 2 மணிக்கு டம்ப் ஓடின பிறகு காலையில் மாதவரத்திலிருந்து முதல் லோடு புக் ஆகியிருந்தது, அந்த ஒன்றுதான்.